ஒட்டோ கியர் வேன் வைத்திருப்பவர்களுக்கு, திகனயிலிருந்து



பதிவு கொஞ்சம் நீளம். ஒட்டோ கியர் வேன் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்புபவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

எங்களைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் வேனையும் தெரியும். காலை ஆறு மணிக்கு முன் திகன சந்தியால் புறப்படும் அந்த வெள்ளை நோவா. நான்கு சேர்மார், இரண்டு டீச்சர்மார். தெல்தெனிய, மெதமகநுவர கடந்து, ஹுன்னஸ்கிரிய ஏற்றம் ஏறி, அதற்கும் அங்கால் உள்ள பாடசாலைகளுக்குப் போகிறோம். பஸ்ஸை நம்பினால் முதலாம் பாடம் போய்விடும். அதனால்தான் ஆறு பேரும் சேர்ந்து வேன் வாங்கினோம். இரண்டு பேர் இடர் கடன் எடுத்தார்கள். ஒருவர் மனைவியின் வளையலை விற்றார். மற்றவர்கள் சீட்டுக் காசு. வாங்கியது 2019 கடைசியில். அடுத்த வருடமே அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. விலை ஏறிய வேகத்தைப் பார்த்து, நல்ல நேரத்தில் வாங்கினோம் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டோம்.

ஆறு பேருக்குச் சொந்தமான வேன் ஒருவருக்கும் சொந்தமில்லாத வேன் என்பது பிறகுதான் விளங்கியது. என்ஜின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றினோம். டயர் மாற்றினோம். சீற் கவர் தைத்தோம். பெருநாளைக்கு முதல் நாள் கழுவி மெழுகும் பூசினோம். ஆனால் கியர் பொக்ஸுக்கு ஐந்து வருடத்தில் ஒரு சொட்டு ஒயில் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

வேன் எங்களுக்குச் சொல்லாமல் இல்லை. பல மாதமாகச் சொன்னது. குளிர் காலையில் டிரைவில் போட்டால் உடனே நகராது, ஒன்று இரண்டு எண்ணும் வரை நின்று, பிறகு ஒரு உதறலோடுதான் நகரும். "வேனும் எங்களைப் போல ஒரு பிளேன்டீ கேக்குது" என்று சிரித்தோம். பிறகு ஏற்றத்தில் என்ஜின் சத்தம் கூடும், வேகம் கூடாது. எங்கள் விஞ்ஞான டீச்சர் இரண்டு மூன்று தடவை, "என்னவோ அடிப்பிடிச்ச மாதிரி மணக்குது சேர்" என்றார். முன்னால் போகும் லொறியின் பிரேக் மணம் என்று நாங்கள் நான்கு ஆண்களும் ஏகமனதாகத் தீர்ப்பு வழங்கினோம். டீச்சர், இந்தப் பதிவை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறோம்.

இரண்டாம் தவணைப் பரீட்சையின் மூன்றாம் நாள். தரம் 10 கணிதத் தாள் கட்டு எங்கள் வேனுக்குள். ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் ஒரு வளைவில் என்ஜின் உறுமியது, வேன் நின்றது. அக்ஸிலேட்டரை அமத்த அமத்த உறுமல்தான் கூடியது. சில்லு சுற்றவில்லை. ரிவர்ஸில் போட்டால் பின்னால் வருகிறது, டிரைவில் போட்டால் ஒன்றுமில்லை. கணித சேர் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு மரக்கறி லொறியில் ஏறிப் போனார். பரீட்சை ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கியது. மூன்று மாதமாகப் படித்த பிள்ளைகள் மண்டபத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

அதோடு நிற்கவில்லை எங்கள் கெட்டித்தனம். தெரிந்த ஒருவரின் லொறியை வரவழைத்து, கயிறு கட்டி, நான்கு சில்லும் தரையில் உருள உருள தெல்தெனிய வரை இழுத்து வந்தோம். கியரை நியூட்ரலில் போட்டால் போதும் என்று நினைத்தோம். மெனுவல் வண்டிக்கு அது சரி. ஒட்டோவுக்குள் ஒயிலைச் சுற்றவைக்கும் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும். எங்கள் வேனில் பின் சில்லுதான் இழுக்கும் சில்லு. என்ஜின் நிற்க, பின் சில்லு சுற்றச் சுற்ற, கியர் பொக்ஸின் உள்ளுறுப்புகள் ஒயில் ஓட்டமே இல்லாமல் உராய்ந்துகொண்டு வந்தன. அரை உயிரோடு இருந்ததை முழுதாக முடித்துவிட்டோம். இப்படி நின்றுபோனால் வண்டியை முழுதாக ஏற்றிக்கொண்டு போகும் லொறியைக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் புரொப்பல்லர் ஷாப்டையாவது கழற்றிவிட்டு இழுக்க வேண்டும். லொறிக் காசை மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள்.

கராஜில் பாஸ் ஒரே கேள்விதான் கேட்டார்: "சேர், கியர் ஒயில் கடசியா எப்ப மாத்தின?"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஹோம்வேர்க் செய்யாத பிள்ளைகள் வகுப்பில் பார்ப்பார்களே, அதே பார்வை. பாஸ் அடித்தட்டைக் கழற்றினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் பிளேன்டீயை விடக் கறுப்பு. தட்டுக்குள் இருக்கும் சின்னக் காந்தங்களில் சேறு மாதிரி இரும்புத் தூள். டீச்சர் சொன்ன அதே மணம்.

நாங்கள் ஆசிரியர்கள். விளங்காமல் ஒன்றை மனனம் செய்வது எங்களுக்குப் பிடிக்காது. அதனால் பாஸிடம் கேட்டும் தேடி வாசித்தும் விளங்கிக்கொண்டதை, எங்கள் ஊர் உதாரணத்தோடு சொல்கிறோம்.

விக்டோரியா அணைக்கட்டு எங்களுக்குக் கிட்டடியில்தான். 122 மீற்றர் உயரம், நாட்டிலேயே உயரமான அணை. சுரங்கம் வழியாக இறங்கி வரும் தண்ணீர் டர்பைனின் இலைகளில் மோதி அதைச் சுற்றுகிறது. 70 மெகாவாற் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 210. ஒட்டோ கியருக்குள்ளும் இதே கதைதான். மெனுவல் வண்டியில் என்ஜினையும் கியரையும் ஒரு கிளட்ச் தட்டு இறுக்கிப் பிடித்துச் சேர்க்கிறது. ஒட்டோவில் அந்த இடத்தில் டோர்க் கொன்வேர்ட்டர் என்று வடை வடிவத்தில் ஒரு பாத்திரம் இருக்கிறது. என்ஜின் பக்கத்து விசிறி ஒயிலை வீசுகிறது. எதிரே இருக்கும் டர்பைன் அந்த ஒயிலின் வேகத்தில் சுற்றுகிறது. அதுதான் வேனை நகர்த்துகிறது. அதற்குப் பின்னால் உள்ள கியர்களை மாற்றும் கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும் ஒயிலின் அழுத்தம்தான். உராய்வைக் குறைப்பதும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஒயில்தான். மெனுவல் கியரில் ஒயில் உராய்வைத்தான் பார்த்துக்கொள்கிறது. ஒட்டோவில் எல்லா வேலையும் அதன் தலையில்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. விக்டோரியாவில் வேலை முடித்த தண்ணீர் மகாவலியோடு போய்விடும், புதுத் தண்ணீர் வரும். எங்கள் கியர் பொக்ஸுக்குள் சுற்றுவதோ வருடக்கணக்காக அதே சில லீற்றர் ஒயில்.

ஏற்றத்தில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறும்போது, வீசும் விசிறி ஒரு வேகத்திலும் சுற்றும் டர்பைன் வேறு வேகத்திலும் போகும். அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாகி ஒயிலில் இறங்கும். ஒயிலின் சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்று பொறியியலில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. சமதரையில் ஓடும் வேனுக்கும் ஒவ்வொரு நாளும் ஹுன்னஸ்கிரிய ஏறும் வேனுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. கண்டி டவுனில் ஏற்றத்தில் டிராபிக்கில் நிற்கும்போது பிரேக்கில் கால் வைக்காமல் அக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அமத்தி வண்டியைப் பிடித்து வைத்திருப்பார்கள் சிலர். அது கெட்டித்தனம் இல்லை. அடுப்பில் வெறும் சட்டியை வைத்துவிட்டு நிற்பது.

இனி நம்மவர்களின் பெரிய வாதத்துக்கு வருவோம். "ஓடுற கியர் பொக்ஸ்ல கை வைக்க வேணாம். ஒயில் மாத்தினா அதோட போயிரும்." இதைச் சொல்லாத ஆள் இல்லை. சேர்விஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள், பள்ளிவாசல் வாசலில் சொன்னார்கள், எங்களுக்கு வேனை விற்றவரும் சொன்னார்.

இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஐந்து, பத்து வருடம் மாற்றாத கியரில் தட்டுகளின் பூச்சு தேய்ந்து, அந்தத் தூள் ஒயிலில் கலந்திருக்கும். தேய்ந்த தட்டுகள் அந்தத் தூளின் சொரசொரப்பையும் பிடித்துக்கொண்டுதான் ஓடும். வழுக்கத் தொடங்கிய பிறகு அவசரமாகப் புது ஒயில் ஊற்றினால், அல்லது மெசினால் வேகமாக அடித்துக் கழுவினால், மிச்சமிருந்த பிடிப்பும் போய்விடலாம். பழி கடைசியாக ஊற்றிய ஒயிலுக்கு வரும். வருடம் முழுக்க டியூஷன் அனுப்பாமல் பரீட்சைக்கு முதல் நாள் அனுப்பிவிட்டு, பிள்ளை பெயிலானதும் டியூஷன் சேர் சரியில்லை என்று சொல்வதைப் போல. (இந்தக் குற்றச்சாட்டு எங்களுக்குப் பழக்கமானது.) கியரைக் கொன்றது மாற்றாமல் விட்ட வருடங்கள். ஆகவே ஏற்கெனவே வழுக்கும் வண்டி என்றால் முதலில் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், நீங்களாக ஒயிலை மாற்றிவிட்டு அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். இன்னும் நன்றாக ஓடுகிற வண்டி என்றால் இன்றைக்கே கணக்கைத் தொடங்குங்கள்.

"இது லைஃப் டைம் ஒயில்" என்பது அடுத்த வாதம். யாருடைய லைஃப்? நம்மிடம் வருகின்ற வேன்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஒரு வாழ்க்கையை முடித்துவிட்டு வந்தவை. கொம்பனி நினைத்த ஆயுள் அங்கேயே பாதிக்கு மேல் போயிருக்கலாம். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை எவ்வளவு நம்பலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கைநூல்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். மலைப்பாதை, அதிக பாரம், நெரிசல் என்றால் சீக்கிரம் மாற்று என்று பலவற்றில் தனியாக எழுதியிருக்கும். மலைப்பாதை, பாரம், நெரிசல் மூன்றும் கண்டிக்காரருக்கு ஒரே காலையில் கிடைக்கும். 40,000 கிலோமீற்றர் அல்லது இரண்டு வருடம், எது முந்துகிறதோ அது என்று நாங்கள் இப்போது வைத்திருக்கிறோம். உங்கள் கைநூல் அதைவிடக் குறைவாகச் சொன்னால் கைநூலைக் கேளுங்கள்.

ஒயில் வாங்கும்போது "சிவப்பு ஒயில் தாங்க" என்று கேட்காதீர்கள். சிவப்பு வெறும் சாயம். டொயோட்டாவிலேயே டி-ஃபோர் ஒன்று, டபிள்யூஎஸ் இன்னொன்று. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றக் கூடாது. நிசானுக்கு அதன் மெட்டிக் வகை, ஹொண்டாவுக்கு அதன் வகை. சிவிடி கியர் என்றால் முற்றிலும் வேறு ஒயில், அதில் சாதாரண ஒட்டோ ஒயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கி முழுக் கியரும் போய்விடும். உங்கள் வண்டிக்கு எது என்பது கைநூலில் இருக்கும், சிலவற்றில் டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருக்கும். சில நூறு ரூபாய் குறைவு என்று வேறொன்றை வாங்குவது, பிரஷர் மருந்து விலை கூட என்று தலைவலி மாத்திரை வாங்குவது மாதிரி.

ரேடியேற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. பல வேன்களில் கியர் ஒயிலைக் குளிர வைக்கும் குழாய் ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேதான் போகிறது. நாம் என்ன செய்கிறோம்? கூலன்ட் விலை என்று பைப் தண்ணீரை ஊற்றுகிறோம். நாங்களும் ஊற்றினோம். துருவும் படிவும் சேர்ந்து குளிர வைக்கும் வேலையே நின்றுபோகிறது. அதைவிட மோசம், உள்ளே அந்தக் குழாய் அரித்துத் துளை விழுந்தால் தண்ணீர் கியருக்குள் போகும். எங்கள் தெருவில் ஒருவருக்கு நடந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்தால் பலூடா. அதே ரோஸ் நிறம், அதே நுரை. தட்டுகளின் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் கரைத்துவிடும், பூச்சு உரிந்துவிடும். பலூடா நிறத்தைக் கண்டால் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த முக்கிய காரணத்துக்கு வருகிறோம். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம்.

2022 பெற்றோல் கியூ காலத்தில் நாம் எல்லோரும் சிக்கனத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கினோம். கியூஆர் கோட்டில் கிடைக்கும் சில லீற்றரை வைத்து வாரம் முழுக்க ஓட வேண்டும். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருட்டுவது அப்போது பெருமை. கியூ போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்கும்போதும், மஹியங்கனைக்குப் போகையில் பதினெட்டு வளைவிலும், பிள்ளைகளை ஏற்றிய வேன்கள் நியூட்ரலில் உருளுவதை நாங்கள் கண்ணால் காண்கிறோம்.

முதலாவது, பெற்றோல் மிச்சமாவதில்லை. இஞ்செக்டர் உள்ள என்ஜின்களில், கியரில் வைத்து அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் எரிபொருள் போவதையே கம்பியூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் நின்றுவிடாமல் இருக்கவாவது ஊற்ற வேண்டும். இரண்டாவது, சில்லு வேகமாகச் சுற்றும்போது என்ஜின் ஐட்லிங்கில் இருப்பதால் கியருக்குள் ஒயில் ஓட்டம் குறைவு. பிறகு ஓட்டத்திலேயே மறுபடி டிரைவில் தட்டுவார்கள், அந்த உதை முழுக்கத் தட்டுகளுக்கு. மூன்றாவதுதான் பயங்கரம். என்ஜின் பிடிப்பு இல்லாததால் முழுப் பாரமும் பிரேக்கில். பிரேக் சூடேறினால் பிடிக்காது. பதினெட்டு வளைவில் அது எந்த இடத்தில் நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நீண்ட இறக்கத்தில் ஓவர்டிரைவை ஒஃப் பண்ணுங்கள், செங்குத்தென்றால் இரண்டில் போடுங்கள். என்ஜின் சத்தம் கூடும். பயப்பட வேண்டாம், அது பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம். ஏற்றத்திலும் ஓவர்டிரைவ் ஒஃப்தான். இல்லாவிட்டால் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் கியர் ஏறி இறங்கித் திண்டாடும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒயில் சூடாகும்.

சின்ன விடயங்கள் சிலதும் இருக்கின்றன. ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்ற முன் வண்டி முழுதாக நிற்கட்டும். வீட்டுச் சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டி அமர்ந்த பிறகு பார்க்கிங். நேரே பார்க்கிங்கில் போட்டால் வேனின் முழுப் பாரமும் உள்ளே இருக்கும் விரலளவு இரும்புக் கொக்கியில் தொங்கும். பெற்றரி இறங்கினால் ஒட்டோவைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது, ஜம்பர் வயர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் வேன் விடயத்தில் டிரைவர்மாரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வருடாவருடம் புகைச் சான்றிதழ் எடுக்கிறார்கள். அந்தப் பரிசோதனையில் கியர் ஒயிலை யாரும் பார்ப்பதில்லை. பெற்றோராகிய நாம் மாதக் கட்டணத்தில் 500 ரூபாய் கூட்டினால் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை பிடிக்கிறோம், அந்த 500 எதில் வெட்டுப்படும் என்று யோசிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வெட்டுப்படும். பிள்ளைகள் அமானிதம் என்று டிரைவருக்குச் சொல்லும் நாம், "கியர் ஒயில் மாத்தியாச்சா நானா? காசு ஏதும் குறையுதா?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறோமா?

எங்கள் வேனின் கதையை முடித்துவிடுகிறோம். பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த கியர் பொக்ஸ் ஒன்று எடுத்தோம். கூலி உட்பட ஆன செலவு ஒரு ஆசிரியரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். காலத்துக்குக் காலம் ஒயிலும் பில்டரும் மாற்றியிருந்தால் ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போயிருக்காது. பழைய ரேடியேற்றரையும் மாற்றச் சொன்னார் பாஸ். முதலில் முகம் சுளித்தோம். பழைய கியரின் தூள் அந்தக் குழாய்க்குள் இருக்கிறது, அது வந்த கியரையும் தின்றுவிடும் என்று அவர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுத்தோம். வந்த கியரில் இருந்த ஒயிலை ஒருவரும் நம்பவில்லை, பூட்ட முன்பே வடித்து, புது பில்டர் போட்டுத்தான் ஏற்றினோம்.

டாஷ்போர்டுக்குள் இப்போது ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. பாடசாலைக் கடமைப் பட்டியல் போல மாதத்துக்கு ஒருவர். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, வேனை இருபது நிமிடம் ஓடவிட்டு, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு கியரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி மறுபடி பார்க்கிங்கில் விட்டு, என்ஜின் ஓட ஓடவே டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். 'ஹொட்' என்று இருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கூடினாலும் கூடாது, நுரைத்துவிடும். (சில கொம்பனி வண்டிகளில் என்ஜினை நிறுத்திப் பார்க்க வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே இல்லை, கராஜில் சூடு அளந்துதான் பார்ப்பார்கள்.) பிறகு ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு, திகதி போட்டு அந்தக் கடதாசியைக் கொப்பியில் ஒட்டுகிறோம். சிவப்பு கபிலமாக மாறுவது அதில் மாதம் மாதமாகத் தெரியும். இது விஞ்ஞான டீச்சரின் யோசனை. இந்தத் தடவை யாரும் மறுத்துப் பேசவில்லை.

தட்டைக் கழற்றி வடித்தால் பாதி ஒயில்கூட வராது, மிச்சம் டோர்க் கொன்வேர்ட்டருக்குள் நின்றுவிடும். அதனால் கொஞ்சம் ஓடிய பிறகு இன்னொருமுறை வடித்து ஊற்றச் சொல்லியிருக்கிறார் பாஸ். வருகிற சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு அதற்குத்தான் போகிறோம். திகன பக்கம் யாராவது கியர் ஒயில் பார்க்கத் தெரியாமல் இருந்தால் உங்கள் வண்டியையும் கொண்டு வாருங்கள், பாஸ் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக் கடதாசி எங்களிடம் இருக்கிறது.